குவைத் 1990: ஆக்கிரமிப்பும் ஊர் திரும்பலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குவைத்துக்கு வேலைக்குப் போனது தொண்ணூறுகளின் நடுவில். நான் தங்கிய அறைகளில் எல்லாம் 1990-ல் அங்கேயே மாட்டிக்கொண்டவர் ஒருவராவது இருப்பார். வியாழக்கிழமை இரவு சமையல் முடிந்து உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும், புதிதாக வளைகுடாவுக்குப் போகிற தம்பிகளும் அதே சந்தேகங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

முதல்ல, அங்க என்னதான் நடந்தது? சுருக்கமா சொல்லுங்க.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்துவிட்டது. அமீர் ஷேக் ஜாபர் சவுதிக்குப் போய்விட்டார். இரண்டே நாளில் நாடு முழுவதும் சதாம் உசேன் கையில். ஆகஸ்ட் 8-ல் ஈராக்கோடு இணைத்துவிட்டோம் என்றார்கள், 28-ல் அதை ஈராக்கின் 19-வது மாகாணம் என்று அறிவித்தார்கள். 1991 ஜனவரி 17-ல் அமெரிக்கா தலைமையில் போர் தொடங்கியது. பிப்ரவரி 26-ல் குவைத் நகரம் விடுபட்டது.

மொத்தம் ஏழு மாதம். ஆனால் நம் ஆட்களின் கதையில் பெரும்பகுதி முதல் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. கீழே வருவதெல்லாம் அந்த நாள்களைப் பற்றித்தான்.

அப்போ அங்க இந்தியர்கள் எத்தனை பேர் இருந்தாங்க?

குவைத்தில் வசித்தவர்கள் சுமார் 1,70,000 பேர். ஆகஸ்ட் மாதம் அங்கே பள்ளி விடுமுறை. வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்பதால் குடும்பங்கள் ஊருக்கு வந்துவிடும். அதனால் மனைவியும் பிள்ளைகளும் ஊரில், கணவர் மட்டும் அங்கே என்று நிறைய வீடுகள் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. சர்வதேசத் தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே வாரக்கணக்கில் தெரியாமல் ஊரில் காத்திருந்தவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் நம்பியிருந்தது சிற்றலை ரேடியோவைத்தான்.

இன்னொரு விஷயம்: எல்லாரும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளவில்லை. சால்மியா ஏரியாவில் தனி ஃபிளாட்டில் இருந்த கம்பெனி மேனேஜருக்கும், பாலைவன ஓரத்தில் ஆடு மேய்த்தவருக்கும், அரபி வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கும் நடந்தது மூன்று வெவ்வேறு கதை. இதைப் பின்னால் ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

முதல் வாரம் ஜம்மியா என்கிற கூட்டுறவுக் கடையிலும் பக்காலா என்கிற மளிகைக் கடையிலும் இருந்ததை வைத்து ஓடியது. அப்புறம் சாமான் தீர ஆரம்பித்தது. கொஞ்சம் கடைகள் சூறையாடப்பட்டன. குபூஸ் என்கிற அரபு ரொட்டி வாங்க விடியற்காலையிலேயே வரிசை. இதில் பேச்சிலர் அறைகள்தான் சமாளித்தன என்று எனக்கு ஒரு எண்ணம். நாலு அறை சேர்ந்து ஒரே மெஸ்ஸாக மாறினால் கேஸ் சிலிண்டர் மிச்சம், அரிசியும் அளந்து போடலாம். ஒரு நண்பர் சொன்ன கணக்கு: ஒரு வேளை சோறு, ஒரு வேளை குபூஸும் பருப்பும், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மட்டும் பால் பவுடர். அந்தப் பவுடர் டப்பாவை அறைக்காரர்கள் யாரும் தொடக்கூடாது, டீக்குக்கூட.

இந்தியக் கடைக்காரர்களில் கடனுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. விலையை ஏற்றியவர்களும் உண்டு. பள்ளிக்கூடக் கட்டடங்களில் மொத்தமாகத் தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டதில் பெரிய வியாபாரிகளின் கோடவுன்களுக்குப் பங்கு இருந்தது. செப்டம்பர் 13-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை 666-வது தீர்மானத்தில், தடை இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் உணவு அனுப்ப வழி செய்தது. அதன் பிறகு விஷ்வ சித்தி என்ற இந்தியக் கப்பல் உணவுப் பொருள்களோடு போக அனுமதி கிடைத்தது.

கையில இருந்த காசு என்ன ஆச்சு?

இது பலருக்கு உயிர் பயத்தை விடப் பெரிய அடி. அதுவரை ஒரு குவைத் தினார் என்றால் நம் பணத்தில் சுமார் 60 ரூபாய். ஈராக் தினாருக்கு வெளிச் சந்தையில் அதில் ஒரு சிறு பங்குகூட மதிப்பு கிடையாது. ஆக்கிரமித்தவர்கள் இரண்டும் இனிச் சமம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் குவைத் தினாரே செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். பத்து வருஷச் சேமிப்பு பஸ் டிக்கெட்டுக்குக் காணவில்லை என்று ஒருவர் சொல்லுவார். மிகைப்படுத்திச் சொல்லுகிறார் என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய மிகை ஒன்றும் இல்லை.

கார் வைத்திருந்தவர்கள் ஈராக் நம்பர் பிளேட் மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிறையப் பேர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள், இல்லையென்றால் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு எல்லைக்குக் கிளம்பினார்கள்.

ஈராக் சிப்பாய்ங்க நம்ம ஆளுங்களை ஒண்ணும் பண்ணலையாமே?

பாதி உண்மை. இந்தியாவுக்கும் ஈராக்குக்கும் அப்போது நல்ல உறவு. சோதனைச் சாவடியில் இந்தியன் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குவைத்திகளுக்கு நடந்த கொடுமையும், மேற்கு நாட்டவரைப் பிடித்து மனிதக் கேடயமாக வைத்ததும் நமக்கு நடக்கவில்லை. ஆனால் வாட்ச், டேப் ரிக்கார்டர், கார் எல்லாம் பறிபோனவர்கள் ஏராளம். அதைவிட மோசமானதை அனுபவித்த பெண்களும் இருந்தார்கள். "நம்மை அவர்கள் சகோதரன் மாதிரி பார்த்தார்கள்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஏன் குவைத்துல இருந்தே நேரா ஃபிளைட் விடல?

விமான நிலையம் முதல் நாளே ஈராக் வசம் போய்விட்டது. ஒரு சம்பவம் சொன்னால் புரியும். லண்டனிலிருந்து குவைத் வழியாகச் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149 விமானம் ஆகஸ்ட் 2 அதிகாலையில் அங்கே இறங்கி மாட்டிக்கொண்டது. பயணிகளைப் பிடித்து வைத்தார்கள், விமானம் பின்னால் ஓடுபாதையிலேயே அழிந்தது. அதில் சென்னைக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

இந்திய விமானப்படை விமானம் ஒன்று வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ராலோடு போய், திரும்பும்போது கொஞ்சம் பேரை ஏற்றி வந்தது. அதைத் தொடர முடியவில்லை. ஐ.நா. தடையும் வந்துவிட்டதால் வழக்கமான விமானப் போக்குவரத்துக்கு வழியில்லை. திறந்திருந்த பெரிய வாசல் ஜோர்டான். அதனால்தான் அதன் தலைநகர் அம்மானிலிருந்து விமானம்.

குஜ்ரால் சதாமைக் கட்டிப் பிடிச்ச போட்டோ பார்த்தேன். அது சரியா?

அந்தப் படம் உலகம் முழுக்க வந்தது, அவரை நிறையத் திட்டினார்கள். ஒரு நாட்டை விழுங்கியவரை அணைத்துக்கொண்டது பார்க்க நன்றாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர வேண்டிய ரோடு முழுக்க சதாமின் கையில் இருந்தது. ஈராக் நகரங்களான பாஸ்ராவுக்கும் பாக்தாதுக்கும் பஸ் ஓட அவர் சம்மதம் வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் கையைக் கொடுத்திருப்பேன். குவைத்தி நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எல்லாத்தையும் ஒரே பிசினஸ்மேன்தான் பண்ணாராம், எம்பசி ஓடிப் போச்சாமே?

2016-ல் வந்த ஒரு இந்திப் படத்துக்கு அப்புறம் வாரத்துக்கு ஒருவர் இதைக் கேட்கிறார். படத்தில் வரும் அந்தத் தனி மனிதர் கற்பனை. நிஜத்தில் டொயோட்டா கம்பெனியில் இருந்ததால் டொயோட்டா சன்னி என்று அழைக்கப்பட்ட மாத்துண்ணி மாத்யூஸ், ஹர்பஜன் சிங் வேதி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அவர்களோடு ஒரு குழுவே இருந்தது. அதற்குக் கீழே பெயர் எங்கும் பதிவாகாத நூற்றுக்கணக்கான டிரைவர்கள், ஆசிரியர்கள், கிளார்க்குகள், நர்சுகள் இருந்தார்கள்.

தூதரகத்தைப் பொறுத்தவரை, குவைத்தில் உள்ள எல்லாத் தூதரகங்களையும் ஆகஸ்ட் 24-க்குள் மூடச் சொல்லி ஈராக் உத்தரவு போட்டது. நம் தூதரக ஆட்கள் பாஸ்ராவுக்கு மாறினார்கள். குவைத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்ற கோபம் அங்கிருந்து வருகிறது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், கதவு பூட்டிய தூதரகத்துக்கு முன்னால் நின்றவருக்குத்தான் அது தெரியும். அதே சமயம் பாஸ்ரா, பாக்தாத், அம்மான் மூன்று ஊரிலும் ஆள் இல்லாமல் இது நடந்திருக்காது. டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் வளைகுடாப் பிரிவைக் கவனித்தவர் கே.பி.ஃபேபியன். அமைச்சர் கே.பி.உண்ணிகிருஷ்ணன் அந்தப் பகுதிக்கே போய் ஏற்பாடுகளைப் பார்த்தார். அரசாங்கம் இல்லாமல் விமானம் இல்லை, குவைத்தில் இருந்த குழுக்கள் இல்லாமல் விமானத்துக்கு ஆள் வந்து சேர்ந்திருக்காது.

பெரியவங்க எல்லாம் லிஸ்ட் லிஸ்ட்னு சொல்றாங்க. அது என்ன அவ்வளவு பெரிய விஷயம்?

என்னைக் கேட்டால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. யார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார், எத்தனை பேர், யாரிடம் பாஸ்போர்ட் உண்டு என்று எந்த அலுவலகத்திலும் முழுக் கணக்கு இல்லை. பஸ் கிடைத்தாலும் யாரை ஏற்றுவது? அதனால் ஏரியாவுக்கு ஏரியா ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினார். உள்ளூர்த் தொலைபேசி வேலை செய்தது பெரிய உதவி.

என்னோடு தங்கியிருந்த ஒரு அண்ணன் அப்படி எழுதியவர். அந்த நோட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று சொல்லிக் காட்டுவார் (கஃபீல் என்றால் விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி): "பக்காலாவுக்கு மேல் ரெண்டாவது மாடி, ஆறு பேர், ரெண்டு பேர் பாஸ்போர்ட் கஃபீலிடம், ஒருத்தருக்குச் சர்க்கரை, ஊசி மருந்து பத்து நாளைக்கு." முகவரி என்பது அங்கே அப்படித்தான், கடையை வைத்து அடையாளம். தெருவில் பெயர்ப் பலகைகளைக் குவைத்திகளே பிடுங்கிப் போட்டிருந்தார்கள், ஈராக்காரனுக்கு வீடு தெரியக்கூடாது என்று. ஆகவே இந்த மாதிரி அடையாளம் எழுதியவர்தான் மறுநாள் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது.

கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள், நோயாளிகள் முதலில். அப்புறம் குடும்பங்கள். தனி ஆம்பிளைகள் கடைசி. எழுத்தில் எளிது. நடைமுறையில் சொந்த ஊர்க்காரனை மேலே ஏற்றச் சொல்லி நச்சரிப்பு, மலையாளிக்கு ஒரு பஸ் தமிழனுக்கு அரை பஸ்ஸா என்ற சண்டை, பணம் கொடுத்து இடம் மாற்றியதாகப் புகார். அந்த அண்ணன் தன் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாராம். தியாகமெல்லாம் இல்லையாம். "முதல் பக்கத்துல எழுதியிருந்தா மறுநாள் எவனும் எனக்குக் கதவைத் தொறந்திருக்க மாட்டான்" என்பார்.

பாஸ்போர்ட் கஃபீல்கிட்ட இருந்தவங்க எப்படி வெளிய வந்தாங்க?

கஃபீலே தப்பித்துப் போயிருப்பார், பாஸ்போர்ட் அவர் ஆபீஸ் லாக்கரில். சிலர் லாக்கரை உடைத்து எடுத்தார்கள். நல்ல கஃபீல்கள் கிளம்பும் முன் ஆளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்ததும் உண்டு. மற்றவர்களுக்குத் தூதரகம் அவசரப் பயணச் சான்று எழுதிக் கொடுத்தது. இந்தியர்தான் என்பதற்குப் பத்தாக்கா என்கிற குவைத் அடையாள அட்டை, பழைய விசா நகல், ஊர்க்கடித உறை என்று எதையாவது காட்ட வேண்டும். அதுவும் இல்லாதவருக்கு, முன் கேள்வியில் சொன்ன லிஸ்ட்டில் பெயர் இருந்ததே ஓர் ஆதாரமாக உதவியது.

அம்மானுக்கு எந்த வழியா போனாங்க? எவ்வளவு நாள் ஆச்சு?

குவைத்திலிருந்து அப்தலி, சஃப்வான் எல்லைச் சாவடிகள் வழியாகப் பாஸ்ரா. அங்கிருந்து பாக்தாத். அப்புறம் மேற்கே பாலைவனத்தைக் கடந்து திரெபில் எல்லை, அந்தப் பக்கம் ஜோர்டானில் ருவைஷித், கடைசியாக அம்மான். மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர். வாடகைக்குப் பிடித்த ஈராக் பஸ், லாரி, சொந்தக் கார் எல்லாம் ஓடின. சாதாரணமாக இரண்டு நாள் பயணம். ஆனால் எல்லைக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

எகிப்தியர், வங்காளதேசத்தவர், இலங்கையர், பிலிப்பினோ, பாகிஸ்தானியர் என்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஜோர்டானுக்குள் வந்தார்கள். அந்தச் சின்ன நாட்டால் தாங்க முடியவில்லை. இரண்டு எல்லைச் சாவடிகளுக்கு நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத பொட்டல் மணலில் ஷாலான் என்ற பெயரில் முகாம்கள் முளைத்தன. பகலில் நெருப்பு, இரவில் குளிர். தேள் தொல்லை. தண்ணீர் லாரி வந்தால் அதன் பின்னால் ஓட்டம். போர்வையை மணலில் விரித்து நாலு மூலையிலும் பெட்டியை வைத்து அதுதான் வீடு. போனவர்கள் எல்லாரும் குண்டுச் சத்தத்தை மறந்தாலும் இந்த முகாமை மறக்கவில்லை.

ஜோர்டான் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரொட்டி, தக்காளி, தண்ணீர் என்று வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தவர்களை நிறையப் பேர் இன்றும் சொல்கிறார்கள். முகாமில் நம் ஆட்கள் மறுபடியும் மாநிலம் மாநிலமாக, மாவட்டம் மாவட்டமாகச் சேர்ந்து வரிசை எழுதினார்கள். நோட்டு இங்கேயும் விடவில்லை.

1.7 லட்சம்னு ஒரு இடத்துல, 1.1 லட்சம்னு இன்னொரு இடத்துல போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் வேறு வேறு கணக்கு. 1,70,000 என்பது குவைத்தில் வசித்த இந்தியர்களின் தோராய எண்ணிக்கை. விமானத்தில் வந்தவர்கள் 1,11,711 பேர் என்பது கின்னஸ் பதிவு. ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை 59 நாளில், ஏர் இந்தியா முன்னின்று நடத்திய 488 பயணங்கள். அம்மானிலிருந்து பம்பாய் 4,100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணத்துக்குச் சுமார் 229 பேர்.

மீதிப் பேர்? விடுமுறையில் ஊரில் இருந்தவர்களைக் கழிக்க வேண்டும். சிலர் ஆரம்பத்திலேயே பாலைவனம் வழியாகச் சவுதிக்குப் போனார்கள். சிலர் ஈரான், துருக்கி வழி. டிப்பு சுல்தான் என்ற இந்தியக் கப்பலில் சில நூறு பேர் வந்தார்கள். சில ஆயிரம் பேர் கிளம்பவே இல்லை.

வீட்டு வேலைக்குப் போன பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சு? அவங்களைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க.

பேசாததற்குக் காரணம் அவர்கள் எந்த லிஸ்ட்டிலும் இல்லை என்பதுதான். நோட்டு எழுதியவர்கள் அறை அறையாகப் போனார்கள், அரபி வீட்டுக்குள் போகவில்லை. முதலாளி குடும்பம் வெளிநாட்டில் விடுமுறையில் இருக்க, பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்த பெண்கள் உண்டு. முதலாளியோடு சவுதிக்குப் போனவர்கள் உண்டு. எப்படியோ பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் கணக்கில் ஏறினார்கள். ஊரின் வெளியே ஆடு, ஒட்டகம் மேய்த்தவர்களுக்குப் போர் வந்ததே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருவருக்கொருவர் உதவினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த உதவி தெரிந்தவர், ஊர்க்காரர், மொழிக்காரர் என்ற கம்பி வழியாகத்தான் பாய்ந்தது. அந்தக் கம்பியில் இல்லாதவருக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இலங்கைத் தமிழர்களும் அங்க இருந்தாங்களே?

குவைத்தில் இலங்கையர் சுமார் ஒரு லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்த பெண்கள், ஆகவே மேலே சொன்னதெல்லாம் அவர்களுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். 488 விமானப் பயணம் நடத்த இலங்கை அரசிடம் வசதி இல்லை. சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்த வாடகை விமானங்களுக்காக முகாமில் காத்திருக்க வேண்டியிருந்தது.

வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு சுமை. 1990 ஜூனில்தான் அங்கே இரண்டாம் ஈழப்போர் தொடங்கியிருந்தது. ஒரு போரிலிருந்து கிளம்பி இன்னொரு போருக்குள் இறங்கினார்கள். எல்லாரும் எப்போது விமானம் என்று கேட்கும்போது, கொழும்பில் இறங்கி எங்கே போவது என்று யோசித்தவர்கள் இவர்கள்.

போகாம அங்கேயே இருந்தவங்க ஏன் இருந்தாங்க?

கடை, கோடவுன், கடன் பாக்கி. சிலர் மருத்துவமனை வேலையை விட முடியாமல். சிலருக்குக் குவைத்தி மனைவி. ஜனவரி குண்டுவீச்சையும், 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்த கறுப்பு வானத்தையும் பார்த்தவர்கள் இவர்கள். விடுதலைக்குப் பின் முதலில் வேலை கிடைத்ததும் இவர்களுக்குத்தான் என்பார்கள்.

எங்க அப்பா அப்போ அங்கதான் இருந்தார். ஆனா அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறார்.

"அங்கே என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பையில் என்ன எடுத்து வைத்தீர்கள், பஸ்ஸில் பக்கத்தில் யார், எல்லையில் எத்தனை இரவு, பம்பாயில் இறங்கியதும் முதலில் யாருக்குப் போன் போட்டீர்கள் என்று கேளுங்கள். பையிலிருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் தானாக வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். வெறுங்கையோடு வந்து, சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு, மறுபடி கடன் வாங்கி அதே ஊருக்குப் போனவர்களுக்குப் போரை விட அந்த இடைப்பட்ட வருஷம்தான் வலி.

அப்பாவுக்கு இழப்பீடு வரலை. இப்ப வாங்க முடியுமா?

முடியாது. 1991-ல் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஜெனிவாவில் அமைந்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தார்கள். நாட்டை விட்டு ஓட வேண்டி வந்ததற்கே தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர். வேறு பிரிவில் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000, 8,000. காயம், மரணம், சம்பளம், பொருள் இழப்புக்குத் தனிப் பிரிவுகள். தனியாக யாரும் மனு போட முடியாது, அரசாங்கம் வழியாகத்தான். அந்த மனுக்களுக்கான கெடு முடிந்து பல வருஷம் ஆகிறது. மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து, 2022 ஜனவரியில் கடைசித் தவணையோடு முடித்துவிட்டார்கள். இப்போது யாராவது "கிளெய்ம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வந்தால் ஏமாற்று வேலை. அப்படி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய குவைத் தினார் நோட்டு கொஞ்சம் வீட்ல இருக்கு. மாத்த முடியுமா?

ஆக்கிரமிப்புக்கு முன் புழங்கிய நோட்டு என்றால் முடியாது. விடுதலைக்குப் பின் 1991 மார்ச்சில் புது நோட்டு விட்டார்கள், பழையது செப்டம்பர் 30 வரைதான் செல்லும் என்றார்கள். அதில் சில வரிசை எண்கள், வங்கியிலிருந்து ஈராக் எடுத்துப் போனவை, அதற்கு முன்பே செல்லாதவை. பழைய நோட்டு சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.